பார்த்தவன் குற்றம்

முதன்முதலாக அந்தத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கோவை திருச்சி ரோட்டில் இறங்கிய காலையில், திருமூர்த்திக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் உண்டானது. இத்தனை வருடமாக வாய் வலிக்கச் சொல்லிவந்ததை ஒரு கருவி இப்போது அவர் கண்ணெதிரே காட்டிக்கொடுத்தது. சுங்கம் சிக்னலில் அவரைச் சுற்றி நின்ற கார்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் அங்கே நிற்பதே தெரியவில்லை.

தலைக்கவசக் கண்ணாடியின் உள்விளிம்பில் கடுகு கடுகாய் விளக்குகள் பதித்திருந்தார்கள். வலப்பக்கம் கார் வந்தால் வலப்பக்க விளக்கு எரியும்; பின்னால் வந்தால் உச்சியில் எரியும். காரை ஓட்டுகிறவரின் கண் இவர்மேல் பட்டிருந்தால் பச்சை, படவில்லையென்றால் சிவப்பு. இதற்காகவே எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி வைக்கவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஓட்டுகிறவரின் கருவிழி எங்கே போகிறது, எதன்மேல் நிற்கிறது என்பதை அது விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். ஜனங்கள் அதற்குக் கண்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சிக்னலில் சிவப்பு விளக்கு காட்டிக்கொடுத்த ஒரு காரின் கண்ணாடியை அவர் விரல் முட்டியால் தட்டினார். உள்ளே ஒருவர் மடியில் கிடந்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவுடன் விளக்கு பச்சைக்கு மாறியது. திருமூர்த்தி தன் கண்ணை ஒரு விரலால் காட்டி, பிறகு அந்த ஆளின் கண்ணைக் காட்டிவிட்டு, சிக்னல் விழுந்ததும் கிளம்பினார். அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போனது அவருக்கு மத்தியானம் வரைக்கும் தித்திப்பாக இருந்தது.

திருமூர்த்தி மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கருப்புப் பையை பெட்ரோல் டேங்குக்கு மேலே வைத்துக்கொண்டு பல்லடம், பொள்ளாச்சி, அன்னூர் என்று டாக்டர் டாக்டராகப் போய்க் காத்திருக்கிற பிழைப்பு. வாழ்க்கையில் பாதி மோட்டார் சைக்கிளின் மேல் கழிந்திருந்தது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட நல்லவனும் வேறு ஆளாகிவிடுவான் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். கார்க்காரனுக்குப் பைக் ஒரு கொசு மாதிரி, அடித்த பிறகுதான் இருந்ததே தெரியும் என்று கூட்டங்களில் சொல்வார்.

அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. கூட வேலை பார்த்த ஈஸ்வரமூர்த்தி சூலூர்ப் பிரிவு ரோட்டில் செத்துப்போனான். எதிரே வந்த கார் கை காட்டாமல் வலப்பக்கம் திரும்பியது. ஓட்டியவர் போலீசிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்: "பாக்கலீங்க." அந்த வார்த்தைக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. வழக்கு அபராதத்தோடு முடிந்தது. அந்த வருடமே திருமூர்த்தி இருசக்கர ஓட்டுநர் பேரவையை ஆரம்பித்தார். அவர்கள் போட்டுக்கொண்ட மஞ்சள் பனியனில் 'பாக்கலைன்னு சொல்லாதே' என்று எழுதியிருக்கும்.

கண்பெட்டி வந்தபோது அதற்கான விதிகளை எழுதுவதற்கு முன்னால் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். சரவணம்பட்டியில் அந்தக் கருவியைச் செய்த சிறு நிறுவனத்திலிருந்து மேகலா என்ற பொறியாளர் வந்திருந்தார். கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிட்டு, தலைக்கவசத்துக்குள்ளும் ஒரு கண்பெட்டி வைக்கலாம் என்றார். பைக் ஓட்டுகிறவர் காரைப் பார்த்தாரா என்பதும் தெரியவேண்டும் இல்லையா என்று கேட்டார்.

திருமூர்த்தி எழுந்தார். "அடிபட்டுச் சாகறது நாங்க. எங்க கண்ணையும் எதுக்குங்க படம் புடிக்கணும்? நாளைக்கு செத்தவன் மேலேயே கேஸ் போடறதுக்கா?"

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. மேகலா கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "ரெண்டு பேரும் பாத்தாத்தானேங்க ரோடு?" என்றார். அது யார் காதிலும் விழவில்லை.

கைதட்டல் தந்த சூட்டோடு திருமூர்த்தி இன்னொன்றும் கேட்டார். பார்க்காமல் இடித்தவன் கவனமில்லாதவன், சரி. பைக் வருவதைப் பார்த்துவிட்டும் இடித்தவனை என்னவென்று சொல்வது? அவனைக் கொலைகாரனுக்குச் சமமாக வைக்கவேண்டாமா? கண்பெட்டியில் பார்த்ததாகப் பதிவாகியிருந்தால் தண்டனை பல மடங்கு கூடவேண்டும் என்றார். விதிகள் வந்தபோது அது ஒரு சட்டப்பிரிவாக அப்படியே இருந்தது. தலைக்கவசத்துக்குள் கண்பெட்டி இல்லை. பேரவையில் எல்லோருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார்கள்.

மாசங்கள் ஓடின. திருமூர்த்தி முன்பெல்லாம் எப்படி ஓட்டுவார் என்பது சுகுணாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். பின்னால் உட்கார்ந்து வருகிற மனைவி அல்லவா. அவருடைய கழுத்து ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. நிற்கிற காரைத் தாண்டும்போது உள்ளே ஆள் இருக்கிறாரா, கதவு திறக்குமா என்று பார்ப்பார். திரும்பப் போகிற கார் என்றால் அதன் முன்சக்கரத்தைப் பார்ப்பார். ஆள் ஒரு பக்கம் பார்த்தாலும் சக்கரம் உண்மையைச் சொல்லிவிடும் என்பார். நின்றிருக்கும் லாரிக்கு அடியில் கால் தெரிகிறதா என்று குனிந்துகூடப் பார்ப்பார். முச்சந்தி வந்தால் இரண்டு விரல் தானாக பிரேக் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பழக்கமெல்லாம் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போனது. எந்த நாளில் எது போனது என்று அவருக்கே தெரியாது. பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் நிற்கவேண்டும். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? வண்டி ஓட்டும் நேரம் அவருக்கு மிச்சமாயிற்று. இந்த மாதம் எந்த டாக்டரைப் பிடித்தால் விற்பனை ஏறும், மேலாளரிடம் என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்றெல்லாம் பைக்கில் போகும்போதே யோசித்து முடித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்குப் போய்த் திரும்பும்போது சுகுணா கேட்டாள். "ஏனுங்க, முன்னெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பி ஓட்டுவீங்க. இப்ப என்னமோ நட்டுவெச்ச கல்லு மாதிரி உக்காந்துட்டு வர்றீங்க?"

"அதுக்குத்தான் இது இருக்குதே" என்று தலைக்கவசத்தைத் தட்டிக் காட்டினார். வீடு வரும்வரை அவள் அவர் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த விபத்து நடந்தது சிங்காநல்லூர்ப் பக்கம், வெயில் ஏறுகிற நேரத்தில். ஒரு நர்சிங் ஹோமில் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சந்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வந்தார். எதிரே ரோட்டின் நடுத்தடுப்பில் இருந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் போகவேண்டும். டாக்டர் சரியாக முகம் கொடுக்கவில்லை. அந்த எரிச்சல் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் விளக்கு எரிந்தது. பச்சை. வலப்பக்கமிருந்து ஹாரன் சத்தமும் கேட்டது, நீளமாக. பச்சைதானே, பார்த்துவிட்டான், நிறுத்தட்டும் என்று நினைத்தார். கழுத்தைத் திருப்பவில்லை. அப்படியே ரோட்டுக்குக் குறுக்கே வண்டியை விட்டார்.

டயர் தேய்கிற சத்தம் கேட்டது. அந்தக் கார் அவருக்குப் பின்பக்கமாக விலகிப் போகப் பார்த்து, முக்கால் பங்கு விலகியும்விட்டது. மிச்சக் கால் பங்கு அவருடைய பின்சக்கரத்தைத் தட்டிவிட்டு, ரோட்டோர பேக்கரியின் இரும்புத் தூணில் போய் மோதி நின்றது. திருமூர்த்தி தூக்கியெறியப்பட்டு இடத் தோளில் விழுந்தார். எலும்பு உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது.

முதலில் ஓடிவந்தது காரை ஓட்டியவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், தொழிற்சாலைச் சீருடைச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் ரத்தம். முழங்கால் போட்டு உட்கார்ந்து, "அண்ணா, அசையாதீங்க. கழுத்தை மட்டும் ஆட்டிப்போடாதீங்க" என்றார். தலைக்கவசத்தின் வாரை நிதானமாக அவிழ்த்துத் தளர்த்திவிட்டார். சொந்த அண்ணன் விழுந்தால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

அதற்குள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் பைக்கில் வந்தவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் பேரவையின் மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். தலைவரை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர் குனிந்து கேட்டார்.

"அண்ணா, விளக்கு என்ன எரிஞ்சுதுங்க? சிவப்புங்களா, பச்சைங்களா?"

திருமூர்த்தி மேலே பார்த்தார். அத்தனை முகங்களுக்கு நடுவே அந்த மனிதரின் முகமும் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு மூச்சு இருந்தது. வாய் இருந்தது. தோள் வலித்ததே தவிர நினைவு தப்பவில்லை.

"பச்சை" என்றார்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது.

யாரோ அந்த மனிதரைச் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். "பாத்துட்டே இடிச்சியாடா" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல விடவில்லை. அறைகிற சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டது. கார்க் கதவில் தலை மோதுகிற சத்தம் ஒருமுறை கேட்டது. திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை திறக்கவில்லை. மயங்கிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த மனிதர் பெயர் அமிர்தலிங்கம் என்பதும், அரசூரில் பம்ப் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்பதும் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. போலீசார் கண்பெட்டியை எடுத்துப் பார்த்தார்கள். வெகு தூரத்திலேயே அவர் கண் பைக்கின்மேல் விழுந்திருந்தது. கடைசிவரை எடுக்கவே இல்லை. புதிய பிரிவில் பதிவான முதல் வழக்கு அது. அமிர்தலிங்கத்தை ரிமாண்டில் வைத்தார்கள். பேரவையின் செயலாளர் ஆரோக்கியம் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார். தலைவர் படுக்கையில் கட்டுப்போட்டுக் கிடக்கிற படம், அதற்குக் கீழே 'பார்த்தே இடித்தான்' என்ற எழுத்து. போலீசார் வாக்குமூலம் வாங்க வந்தபோது, சந்திலிருந்து வந்தேன், கார் வந்து இடித்தது என்று திருமூர்த்தி சொன்னார். அதிலும் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு அந்தக் கார்க்காரனுக்கு ஒரு வசவையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வசவுக்கும் திருமூர்த்தி தலையைக் குனிந்துகொள்வார். வலியால் குனிகிறார் என்று சுகுணா தலையணையைச் சரிசெய்வாள். அவள் கை படும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

ஒருநாள் மேகலா வந்தார். கருவியைச் செய்தவர்கள் என்ற முறையில் விபத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றார். சுகுணா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க சந்து முனைக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் உங்களைப் பாத்துட்டார். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டார். ஹாரன் அடிச்சார். கண்ணை எடுக்கவே இல்லை. நான் பாத்த பதிவுகள்லயே இவ்வளவு கவனமா ஓட்டின ஆளைப் பாத்ததில்லைங்க" என்றார். "சட்டத்துல அதுதான் அவர் குற்றம். பாக்காம இருந்திருந்தா இந்நேரம் அபராதம் கட்டிட்டு வேலைக்குப் போயிருப்பார்."

திருமூர்த்தி கையைத் தாங்கியிருந்த தூளிக்கட்டின் முடிச்சைச் சரிசெய்துகொண்டார்.

"உங்க பக்கத்துப் பதிவு எங்ககிட்ட இல்லீங்க. அது வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க. அதனால உங்களைத்தான் கேக்கணும். நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் திருமூர்த்தி.

மேகலா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரிங்க என்று எழுந்துகொண்டார். காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதை எடுக்க வந்த சுகுணா கணவரின் முகத்தைப் பார்த்தாள். காபியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, வாசற்படியில் நின்றபடி, "நீங்க திரும்பவே இல்லை, அப்படித்தானுங்களே" என்றாள். கேள்வி மாதிரி கேட்கவில்லை. அன்று முழுக்க அவள் அவரிடம் வேறு எதுவும் பேசவில்லை. வேளாவேளைக்கு மாத்திரையும் சாப்பாடும் மட்டும் வந்தன.

அமிர்தலிங்கம் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் திருமூர்த்தி ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனார். ஒண்டிப்புதூரில் மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தது அமிர்தலிங்கத்தின் மனைவி. திருமூர்த்தியின் தூளிக்கட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு வழிவிடாமல் நின்றாள். சுவரொட்டியில் பார்த்த முகம்தானே. உள்ளேயிருந்து, "யாரு சௌந்தரி?" என்று குரல் வந்தது. பிறகுதான் அவள் விலகினாள்.

அமிர்தலிங்கம் பாயை விரித்து உட்காரச் சொன்னார். திருமூர்த்தி இடப்பக்கம் உட்காரப் போனபோது, "இந்தப் பக்கம் வந்துருங்கண்ணா. அந்தக் காது கேக்கறதில்லை" என்றார். அன்றைக்கு விழுந்த அறையில் செவிப்பறை கிழிந்துவிட்டது. டாக்டர்கள் ஆபரேஷன் பண்ணலாம், ஆனால் உறுதியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

எதற்கு வந்தோம் என்பதை எப்படி ஆரம்பிப்பது என்று திருமூர்த்திக்குத் தெரியவில்லை. அமிர்தலிங்கமே பேசினார். கல்யாணமான பிறகுதான் கார் வாங்கினாராம். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் பைக்தான். இரண்டு தடவை அடிபட்டிருக்கிறார். அதனால் ரோட்டில் பைக் தெரிந்தால் கண் தானாக அங்கே போய்விடும் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்கண்ணா. உள்ள இருந்தப்ப இதேதான் நெனச்சுட்டு இருந்தேன். நான் ஹாரன் அடிச்சது உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க."

"அப்புறம் ஏனுங்க?"

"பச்சை எரிஞ்சுது. நீங்க பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. பாத்துட்டா நீங்கதான நிறுத்தணும்னு... நான் திரும்பவே இல்லீங்க."

அமிர்தலிங்கம் மெதுவாகத் தலையை ஆட்டினார். விடை தெரியாமல் தவித்தவருக்கு ஒரு விடை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கோபப்பட்டிருந்தால் திருமூர்த்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோபம் சௌந்தரியிடம் இருந்தது. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இதை அன்னைக்கு ரோட்டுல கெடக்கறப்பவே சொல்லியிருந்தா இவர் காது போயிருக்குமா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "அவங்க அடிக்கறப்ப நீங்க முழிச்சுட்டுத்தான இருந்தீங்க?"

திருமூர்த்தி பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்றார். சுகுணாவிடம் சொல்லாததை, மேகலாவிடம் மறைத்ததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். நான்தான் பார்க்காமல் குறுக்கே போனேன், அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்றார். அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே, எதிரி தரப்போடு சமாதானமாகப் போய்விட்டீர்களா என்று கேட்டார். நீங்கள் பார்க்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். ஆதாரம் ஒன்றும் இல்லை. அந்த ஆதாரம் இருக்கக்கூடாது என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுந்து நின்று பேசியவர் அவர்தான். காரின் கண்பெட்டி பார்த்தான் என்கிறது. பைக் ஓட்டியவர் நான் பார்க்கவில்லை என்று வெறும் வாயால் சொல்கிறார். நீதிபதி இரண்டையும் கேட்டுக்கொண்டார். சிறைத்தண்டனையை விட்டுக்கொடுத்தாலும் அந்தப் பிரிவிலிருந்து அமிர்தலிங்கத்தை முழுசாக விடுவிக்க அவருக்கும் வழியில்லை. ஓட்டுநர் உரிமத்தை நீண்ட காலத்துக்கு ரத்து செய்து தீர்ப்பு வந்தது.

அன்று சாயங்காலமே ஆரோக்கியம் போன் செய்தார். வருடக்கணக்கில் கூடவே சுற்றியவர். "வெல போயிட்டீங்களேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பேரவையிலிருந்து திருமூர்த்தியை நீக்கியதாக மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது. தலைக்கவசத்திலும் கண்பெட்டி வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பியதற்கு அங்கே யாரும் பதில் போடவில்லை. கேவலப்பட்டது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெறவேண்டியதில் இது ஒரு பங்குகூட இல்லை என்றுதான் தோன்றியது.

தோள் சரியாகக் கூடவில்லை. கையை மேலே தூக்க முடியாததால் கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக ஒரு மத்தியானம் வாடகைக் கார் பிடித்தார். தூக்க முடியாத கைக்கு வசதியாக முன்சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் இளவயதுக்காரன், மரியாதையாக பெல்ட்டை மாட்டிவிட்டான்.

வெள்ளலூர்ப் பிரிவு சிக்னலில் கார் நின்றபோது பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவருக்குப் பின்னால் ஒரு பெண், நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. பைக் வந்த நொடியிலேயே டிரைவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு முன்னால் நின்ற லாரியின் நம்பர் பலகையையே வெறிக்க ஆரம்பித்ததைத் திருமூர்த்தி கவனித்தார்.

"பக்கத்துல பைக் நிக்குதுங்க" என்றார்.

"தெரியுதுங் சார். அதனாலதான் பாக்கலை."

திருமூர்த்திக்குப் புரியவில்லை. டிரைவர் பார்வையை எடுக்காமலே விளக்கினான். இப்போதெல்லாம் டிரைவிங் ஸ்கூலிலேயே இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். பைக் வந்தால் முன்னால் போகிற வண்டியின் நம்பரைப் பார். நேராகப் பார்த்தால்தான் கண்பெட்டியில் பதியும். ஓரக்கண்ணால் பார்த்தால் பதியாது.

"ஓரக்கண்ணுல எவ்வளவுங் சார் தெரியும்? அரைகுறையாத்தான் தெரியும். என்ன பண்றது? பாக்காம இடிச்சா அபராதம், பாத்து இடிச்சா வாழ்க்கையே போச்சு. சிங்காநல்லூர்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. பாவம், அந்தாளு நல்லா பாத்து ஓட்டுனாராமா. அந்தக் கேசுக்கு அப்புறம் ஊருல ஒருத்தனும் பைக்கை நேராப் பாக்கறதில்லைங்."

வெளியே பைக்காரர் காரின் பக்கம் திரும்பினார். அவர் தலைக்கவசத்தில் சிவப்பு எரிந்திருக்கவேண்டும். கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார். டிரைவர் அசையவில்லை. பைக்காரரின் முகத்தில் இருந்த வெறுப்பு திருமூர்த்திக்கு நன்றாகப் பழக்கமானது. அவருக்கு முகம் சுட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த சிறுமி மட்டும் திருமூர்த்தியைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எந்தக் கணக்கிலும் சேராது. கண்பெட்டிக்கு ஸ்டியரிங் பிடித்தவரின் கண் மட்டும்தான் கண்.

"தம்பி, அந்தக் கேசுல பைக் ஓட்டிட்டு வந்தது நான்தான்" என்றார். "தப்பு என் மேலதான். அவர் மேல இல்லை."

அவனிடம் அதைச் சொல்லவேண்டிய அவசியம் ஏதும் இல்லை. ஆனால் இனி யாரிடமும் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. டிரைவரின் கைகள் ஸ்டியரிங்கில் இறுகின. அவன் அவர் பக்கம் திரும்பவில்லை. ரேடியோவை அணைத்தான். ஏதோ பொல்லாத ஆளை வண்டியில் ஏற்றிவிட்ட மாதிரி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டான்.

சிக்னல் விழுந்தது. பைக் காரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வலப்பக்கம் போக ஆரம்பித்தது. பைக்காரரின் கண், சிவப்பு இப்போது பச்சையாகிவிடும் என்பதுபோல் தலைக்கவச விளிம்பில் இருந்த விளக்கில்தான் இருந்தது, ரோட்டில் இல்லை.

"தம்பி, அந்த பைக்கு குறுக்கே வருது. மெதுவா, அவங்களை விட்டுருங்க" என்றார் திருமூர்த்தி.

கார் கொஞ்சம் தயங்கியது. டிரைவர் லாரியின் நம்பர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், மிகவும் பணிவான குரலில் கேட்டான்.

"எந்த பைக்குங் சார்?"